முப்பத்தெட்டு ஓட்டு வித்தியாசம்

நீங்க நகர வேண்டாம் சார், எனக்கு இந்த அரை சீட்டு போதும். திருமங்கலம் வரைக்கும்தான். அட, விரல்ல மை இன்னும் அழியலையே. எம்.எல்.ஏ. எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டீகளாக்கும். சந்தோஷம். யாருக்குப் போட்டீகன்னு கேக்க மாட்டேன், அது நாகரிகம் இல்ல. போட்ட ஓட்டு எங்க போச்சுன்னு தெரியுமா? அதைத்தான் கேக்குறேன். சிரிக்காதீக. பெட்டிக்குள்ள போச்சுன்னுதான் நானும் அறுபத்திமூணு வயசு வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

என் பேரு தெய்வநாயகம். கரண்டு ஆபீஸ்ல வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவன். முப்பத்திரண்டு வருஷம். எங்க ஊராட்சியில எட்டுத் தெரு, எட்டுலயும் நான் நுழையாத வீடு கெடையாது. நாய்கூட என்னைப் பாத்துக் கொரைக்காது. ஆளு பேரைச் சொன்னா எனக்குச் சட்டுனு பிடிபடாது, சர்வீஸ் நம்பரைச் சொல்லுங்க, வாசல்ல என்ன கலர் பெயிண்டுன்னு சொல்லிருவேன். எல்லா வீட்டு வெள்ளை அட்டையிலயும் என் கையெழுத்து இருக்கு. அப்பேர்ப்பட்ட ஆளு தலைவர் எலெக்‌ஷன்ல நின்னா எத்தனை ஓட்டு விழணும்? சொல்லுங்க. அறுபத்தியொண்ணு விழுந்துச்சு சார். அறுபத்தியொண்ணு. எழுதிக் காட்டவே கூசுது.

எங்க ஊரு டவுனை ஒட்டி இருக்கு. பேரை விடுங்க. குப்பைமேடுன்னு சொன்னா இந்த ரூட்டு கண்டக்டர் எல்லாரும் விசில் அடிப்பாக. டவுன் குப்பை பூராவும் எங்க ஊர்ப் பொறம்போக்குல வந்து விழுகுது. அவுங்க தின்னு எறிஞ்சதை நாங்க மோந்து பாக்கணும். தீ வேற வச்சு விட்டுருவாக. புகை வந்துச்சுன்னா துவைச்ச துணி கறுத்துப் போகும், கொடியில காயப்போட்ட வேட்டியை உதறினா சாம்பல் பறக்கும். குப்பை ஏத்திட்டு வர்ற லாரி எல்லாம் உடையப்பனோடது. அந்த உடையப்பன்தான் தலைவருக்கு நின்னான். குப்பையைக் கொட்டுறவனே குப்பைக்கு அனுமதி குடுக்குற நாற்காலியில உக்காரணும்னு ஆசைப்பட்டான். என்ன துணிச்சல் பாருங்க.

ஊர்ல யாரைக் கேட்டாலும் அவன் வரக் கூடாதுன்னுதான் சொன்னாக. அவன்கிட்ட வேலை பாக்குற டிரைவருங்க, அவனுக்குக் கடமைப்பட்ட குடும்பங்க, அவ்வளவுதான் அவன் ஆளுக. மத்த எல்லாருக்கும் குப்பை மேடு போகணும். ஆனா அதைச் சொல்லிக்கிட்டு நாங்க மூணு பேரு மனு போட்டுட்டோம். ஞானசிகாமணி வாத்தியார் ஒருத்தர். எழுபத்தஞ்சு வயசு, பாதி ஊருக்கு அ ஆ சொல்லிக் குடுத்தவரு, அந்த மெதப்பு இன்னும் போகல. மருந்துக்கடை சேர்மராஜ் ஒருத்தன். ஊர்ல எவன் இருமினாலும் மருந்து அவன் கடையில, அவன் எதுக்குப் புகையை எதிர்க்கிறான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. மூணாவது நான். நான் நின்னதுக்குக் காரணம் இருக்கு. என் சம்சாரம் சொர்ணத்துக்கு வீசிங். புகை நாள்ல பாதி வார்த்தையிலேயே நின்னு மூச்சு வாங்குவா. அவளுக்காகத்தான் நின்னேன். இதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கிடணும்.

மூணு பேரு நின்னா உடையப்பன் உள்ள பூந்துருவான்னு தெருவுக்கு மூணு பெரியவுக சேந்து கல்யாண மண்டபத்துல எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சாக. இருபத்திநாலு பேரு. மூணு பேருல ஒருத்தரைப் பொது வேட்பாளரா எடுக்குறது, மத்த ரெண்டு பேரும் வாபஸ் வாங்கிறதுன்னு பேச்சு. நியாயம்தான். யாரை எடுக்குறதுன்னு வரும்போது வாத்தியாரு எந்திரிச்சு பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு. அந்தக் காலத்துல மேலவைத் தேர்தல்ல வாத்தியாருங்க எல்லாம் நம்பர் போட்டுத்தான் ஓட்டுப் போடுவாகளாம். அதே மாதிரி போடுவோம்னாரு. ஆளுக்கு ஒரு சீட்டு. மூணு பேருக்கும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசை எழுதணும். முதல்ல ஒண்ணாம் நம்பரை மட்டும் எண்ணுறது. யாரு கம்மியோ அவரு வெளிய. அவருக்கு ஒண்ணு போட்ட சீட்டை எடுத்து, அதுல ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருக்கோ அவுக கட்டுல சேத்துருவாக.

சேர்மராஜுக்கு ஒம்போது. வாத்தியாருக்கு எட்டு. எனக்கு ஏழு. ஒரு சீட்டுல நான் வெளிய. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் என் கண்ணு முன்னாடி என்னோட ஏழு சீட்டையும் எடுத்துப் பிரிச்சாக சார். ஆறு சீட்டுல ரெண்டாவது எடத்துல வாத்தியாரு பேரு. ஒண்ணுல சேர்மராஜ். எட்டும் ஆறும் பதினாலு, வாத்தியாரு ஜெயிச்சிட்டாராம். கை தட்டுறாக. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. முதல்ல ஒம்போது வாங்கினவன் தோத்தான், எட்டு வாங்கினவரு ஜெயிச்சாரு, எனக்குன்னு போட்ட ஓட்டை எடுத்து இன்னொருத்தர் மடியில கட்டிட்டாக. இது என்ன கணக்கு? ரீடிங்ல ஒரு வீட்டு யூனிட்டை எடுத்து இன்னொரு வீட்டு அட்டையில எழுதினா சஸ்பெண்ட் பண்ணிருவாக. எனக்குப் போட்டது எனக்குத்தானே? அங்கேயே சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. படிச்சவரு சொல்லிட்டாரு, எல்லாரும் தலையாட்டிட்டாக. எங்க ஊருக்குத் தலையாட்டுறதுக்குச் சொல்லித் தரவா வேணும்.

ஆனா நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். வாபஸ் வாங்குறேன்னு சொன்னேன், வாங்கத்தான் போனேன். கடைசி நாளு, ஒன்றிய ஆபீஸ், சாயந்திரம் மூணு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும். ரெண்டரைக்கே போயிட்டேன். ஃபாரத்துல கையெழுத்தும் போட்டாச்சு. வராண்டாவுல சேர்மராஜும் அவன் ஃபாரத்தை வச்சுக்கிட்டு நிக்கிறான். நான் சொன்னேன், தம்பி, மண்டபத்துல ஒம்போது வாங்கின பெரிய ஆளு நீங்கதான், நீங்க முதல்ல குடுங்க, பின்னாடியே நான் குடுத்துருதேன். மரியாதையாத்தான் சொன்னேன். அவன் என்ன சொல்றான்? அண்ணாச்சி, மண்டபத்துல முதல்ல வெளிய போனது நீங்க, அதே வரிசையில இங்கயும் நீங்க முதல்ல போறதுதான் முறைங்கிறான். கொழுப்பைப் பாத்தீகளா? நான் குடுத்துட்டு அவன் குடுக்காமப் போயிட்டா என்ன ஆகும்? ஊரே என்னைப் பாத்துச் சிரிக்காதா? அவனுக்கும் அதே சந்தேகம் என் மேல. என்னைப் பாத்து ஒருத்தன் சந்தேகப்படலாமா சார்? முப்பத்திரண்டு வருஷம் ஒரு யூனிட்டு கூட்டி எழுதாதவன் நான்.

ரெண்டு பேரும் கதவுக்கு வெளிய நின்னு நீங்க போங்க நீங்க போங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். பியூன் வந்து பாத்துட்டு பாத்துட்டுப் போறான். வாத்தியாரு பெஞ்சுல உக்காந்து எங்க மூஞ்சியை மாறி மாறிப் பாத்தாரு. மூணு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது திடீர்னு எந்திரிச்சு, சட்டைப் பையில இருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தாரு. அவரும் ஒண்ணு பூர்த்தி பண்ணி வச்சிருந்திருக்காரு. நான் வாங்கிக்கிடுதேன்ப்பா, உங்க ரெண்டு பேருல ஒருத்தர் நில்லுங்க, ரெண்டு பேரா நின்னுறாதீகன்னு சொல்லிட்டு உள்ள போகப் போனாரு. விடலாமா? பொது வேட்பாளர் அவரு. ஊரு எடுத்த முடிவு. நானும் சேர்மராஜும் ஆளுக்கு ஒரு கையைப் பிடிச்சு நிறுத்திட்டோம். அந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அவனுக்கும் ஒத்த கருத்து. அய்யா நீங்க போகக் கூடாது, மரியாதை கெட்டுப் போகும்னு நாங்க சொல்லச் சொல்ல அவரு கையை உதறுறாரு. நாங்க விடல. உள்ள ஃபாரம் வாங்குற ஆபீசரம்மா கதவைச் சாத்திட்டாக. மூணு அடிச்சிருச்சு. மூணு பேரு கையிலயும் மூணு ஃபாரம். மூணு பேரும் வேட்பாளர்.

என் மேல தப்பு இருக்கா சொல்லுங்க. கையெழுத்துப் போட்ட ஃபாரம் இன்னும் என் பீரோவுல இருக்கு. வந்தா காட்டுறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சொர்ணம் ஒரு யோசனை சொன்னா. ஆட்டோவுல மைக் கட்டி, எனக்கு ஓட்டுப் போடாதீக, வாத்தியாருக்குப் போடுங்கன்னு தெருத்தெருவாச் சொல்லிட்டு வாங்கன்னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தனக்குப் போடாதீகன்னு பிரசாரம் பண்ணின மனுசன் உலகத்துல உண்டா? பொம்பளைகளுக்கு அரசியல் புரியாது, விட்டுட்டேன். அதுவும் போக, வேட்பாளர் லிஸ்ட்டுல என் பேரு அச்சாகி, பக்கத்துல பூட்டு சாவிச் சின்னமும் வந்தாச்சு. அச்சுல வந்த பேருக்கு ஒரு மரியாதை இருக்குல்ல. சரி, இனிமே என்ன, நின்னு ஜெயிச்சே காட்டிருவோம்னு எறங்கிட்டேன்.

சொர்ணமும் எறங்கினா. மத்தியானம் சோறாக்கி வச்சுட்டு, மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, தெனமும் ஒரு தெருவுக்குப் போயிருவா. ரெண்டு வீட்டுக்கு ஒருக்கா உக்காந்து உக்காந்து போறான்னு சொன்னாக. பொழுது சாயத் திரும்பி வரும்போது பேச்சே வராது, நெஞ்சு மட்டும் ஏறி எறங்கும். வேணாம்டீ, ஒடம்பு கெட்டுரும்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? டீக்கடையில வச்சு அத்தனை பேருகிட்டயும் சொன்னேன், கட்டினா இப்படி ஒருத்தியைக் கட்டணும்னு. சேர்மராஜ் பொண்டாட்டி வீட்டு வாசப்படியைத் தாண்டல. வாத்தியாருக்கு சம்சாரமே இல்ல. நாந்தான் கொடுத்து வச்சவன்னு நெனச்சேன்.

எண்ணிக்கை அன்னைக்கு ஒன்றிய ஆபீஸ்ல கம்பி வலைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். கட்டுக் கட்டா அடுக்குறாக. பதிவானது ஆயிரத்தி இருநூத்தி நாலு. உடையப்பன் நானூத்தி இருபத்தியொண்ணு. வாத்தியாரு முந்நூத்தி எண்பத்திமூணு. சேர்மராஜ் முந்நூத்திப் பதினெட்டு. நான் அறுபத்தியொண்ணு. செல்லாதது இருபத்தியொண்ணு, எங்க தெருக்காரனுகதான் அதுலயும் நெறைய இருப்பானுக, முத்திரையை நட்ட நடுக் கோட்டுல குத்தியிருப்பானுக. உடையப்பன் முப்பத்தெட்டு ஓட்டுல ஜெயிச்சான். நூத்துக்கு முப்பத்தஞ்சு பேரு வேணும்னு சொன்னவன் நூறு பேருக்கும் தலைவர். பரீட்சையில முப்பத்தஞ்சு எடுத்தவனைப் பாஸ்னு சொல்லலாம், முதல் மார்க்குன்னா சொல்லுவாக? குப்பை வேணாம்னு எழுநூத்தி அறுபத்திரண்டு பேரு குத்தியிருக்காக. எல்லாரும் தோத்தாச்சு. வேணும்னு குத்தின நானூத்திச் சொச்சம் ஜெயிச்சாச்சு.

நேரா அந்த ஆபீசரம்மாகிட்ட போனேன். அம்மா, எங்க மூணு பேருக்கும் கொள்கை ஒண்ணு, மூணு பேரு ஓட்டையும் கூட்டுங்க, கூட்டி வாத்தியாருக்கே எழுதுங்க, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்குறேன்னு சொன்னேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன். ஒருத்தருக்கு விழுந்ததை இன்னொருத்தருக்குச் சேக்க முடியாதுன்னாக. அப்ப உடையப்பன் வேணாம்னு எத்தனை பேரு சொல்லியிருக்காகன்னாவது ஒரு ஏட்டுல எழுதுங்கன்னேன். அந்தம்மா நிமிந்துகூடப் பாக்கல.

"யாரு வேணாம்னு எழுதுறதுக்கு எங்ககிட்ட ஃபாரம் கெடையாது சார். தள்ளி நில்லுங்க."

இதெல்லாம் ஒரு சட்டமா சார்? மேல உக்காந்து இதை எழுதினவுக புகையில ஒரு நாளு நின்னிருப்பாகளா? சேர்ந்த ஓட்டைக் கூட்டிப் பாக்கக்கூடத் தெரியாதவுக. மண்டபத்துல நடந்தது வேற, அதைக் கொண்டு வந்து இதோட முடிச்சுப் போடாதீக. அது என் ஓட்டை எடுத்தது. இது ஊர் ஓட்டு.

தப்பெல்லாம் யார் மேலன்னு நான் ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். சேர்மராஜ் மேல. முந்நூத்திப் பதினெட்டு ஓட்டை அள்ளிட்டுப் போனவன் அவன். முப்பத்தெட்டுக்கும் முந்நூத்திப் பதினெட்டுக்கும் எவ்வளவு தூரம். என்னோட அறுபத்தியொண்ணு என்ன பெரிய அறுபத்தியொண்ணு, அதை எல்லாம் கணக்குல எடுக்கவே கூடாது. ஆனா ஊர்ல என்னைப் பாத்துத்தான் சொல்றானுக, முப்பத்தெட்டும் அறுபத்தியொண்ணும்னு. டீக்கடைக்கே போறதில்ல இப்ப.

உடையப்பன் உக்காந்த முதல் மாசமே தீர்மானம் போட்டுக் குப்பை மேட்டை எங்க தெருப் பக்கம் நீட்டிட்டான். எங்க கொல்லைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வேலிதான். ஒரு வாரம் தொடர்ந்து எரிஞ்சுச்சு. சொர்ணத்துக்கு ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சு. தூக்கிட்டு ஓடினோம். பொழச்சது மறு பொழப்பு. ஆஸ்பத்திரியில இருந்து அவ தம்பி நேரா திருமங்கலத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். இங்க இனி வரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராம். அஞ்சு மாசம் ஆச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன் சார், அவ இருமுற சத்தம் இல்லாம அந்த வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குது. சோத்தைப் பொங்கி வச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பேன். ஞாயித்துக்கெழமை ஆனா இந்த பஸ்ல ஏறிருவேன்.

போன வாரம் போனப்ப நல்லா உக்காந்து பேசினா. புகை இல்லாத ஊரு, மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்திருக்கு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அந்தச் சந்தோஷத்துல சொன்னேன், அடுத்த எலெக்‌ஷன்லயும் நிக்கப் போறேன், இந்தத் தடவை உன் ஒழைப்பால அறுபத்தியொண்ணு வந்துச்சு, நீ அவ்வளவு தெரு ஏறி எறங்கினதை நான் மறக்கலைன்னேன்.

அவ நிதானமாச் சொன்னா, நான் உங்களுக்கு ஓட்டுக் கேட்டுப் போகல, உங்களுக்குப் போடாதீக, வாத்தியாருக்குப் போடுங்கன்னு கேட்டுத்தான் போனேன்னா. கட்டின பொண்டாட்டி. முப்பத்தஞ்சு வருஷம். சொந்த ஓட்டையும் அந்த ஆளுக்கே குத்தியிருக்கா. அடுப்படியிலேயே எதிரியை வச்சுக்கிட்டு நான் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கேன் பாருங்க. ஏன்டீ இப்படிச் செஞ்சேன்னு கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன், மறைக்கல.

"மூச்சு விடணும்னு செஞ்சேன்," அப்படின்னா.

அதுலயும்தான் தோத்துட்டியே, உன் வாத்தியாரு என்ன ஜெயிச்சாரான்னு நான் விடல. அதுக்கு அவ சொன்னதுதான் சார் முக்கியம். அதைச் சொல்றதுக்குத்தான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வர்றேன். ஏழு தெருவுக்குப் போயிருக்கா. வடக்குத் தெருவுக்கு மட்டும் போகல. வடக்குத் தெருவுல பூரா என் அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா மக்க. என் ஓட்டு போக மிச்சம் அறுபதும் அங்கதான் விழுந்திருக்கு.

"உங்க சொந்தத்துகிட்டயே போயி உங்களுக்குப் போடாதீகன்னு எப்படிச் சொல்றதுன்னு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். உங்க மானத்தைப் பாத்தேன். அந்த ஒரு தெருவுக்கும் போயிருந்தா இன்னைக்கு நான் என் வீட்டுல இருப்பேன்."

பாத்தீகளா சார், என் மேல அவளுக்கு எவ்வளவு மரியாதை? அவ்வளவு ஆத்திரத்துலயும் என் மானத்தை விட்டுக்குடுக்கல. அந்த ஒரு வார்த்தையில எனக்கு மனசு குளுந்து போச்சு. போனது போகட்டும், உன்னை மன்னிச்சிட்டேன்னு அங்கேயே சொல்லிட்டேன். அடுத்த தடவை ரெண்டு பேரும் சேந்தே எட்டுத் தெருவுக்கும் போவோம், நான் நின்னே தீருவேன், உனக்காகத்தான் நிக்கிறேன்னு சொன்னேன்.

அவ பக்கத்துல இருந்த மருந்துப் புகை மெஷினை இழுத்து, சுவிட்சைப் போட்டு, மாஸ்க்கை எடுத்து மூஞ்சியில வச்சுக்கிட்டா. நான் பஸ்ஸுக்குக் கெளம்புற வரைக்கும் எடுக்கவே இல்ல. அதை வச்சிருக்கும்போது பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருப்பாரு. அதான் பேசல, வேற ஒண்ணும் இல்ல சார்.